நூறாண்டு வெள்ளம்

கோபிசெட்டிப்பாளையத்தை ஒட்டி கரட்டடிபாளையம் என்றொரு ஊர் இருக்கிறது. கொடிவேரி அணை கிட்டத்தில்தான். பவானித் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வயலுக்குப் பாயும் மண். அங்கே பிறந்த ஜி.வி. லோகநாதன் நீரியல் பேராசிரியர் ஆனதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. கோவை பி.எஸ்.ஜி. கல்லூரியில் பொறியியல், கான்பூர் ஐ.ஐ.டி.யில் முதுநிலை, அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். அதன்பின் கால் நூற்றாண்டு, வர்ஜீனியா மாநிலத்தில் பிளாக்ஸ்பர்க் என்னும் சிற்றூரில், வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் வாத்தியார் வேலை.

2007 ஏப்ரல் 16, திங்கட்கிழமை. நாரிஸ் ஹால் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் 206ஆம் எண் அறை. லோகநாதன் உயர்நிலை நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். காலை 9:40 மணி வாக்கில் ஒரு மாணவன் உள்ளே வந்தான். லோகநாதனும் அவருடைய மாணவர்கள் ஒன்பது பேரும் அந்த அறையிலேயே இறந்தார்கள். அங்கிருந்து அவன் அடுத்தடுத்த வகுப்பறைகளுக்குப் போனான். ஏறக்குறைய பதினொரு நிமிடத்தில் 174 தோட்டாக்கள். அன்று காலையில் அதற்கு முன்பே ஒரு விடுதியில் இரண்டு பேரைச் சுட்டிருந்தான். நாரிஸ் ஹாலில் முப்பது பேர். முப்பத்திரண்டு உயிர்களுக்குப் பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டான்.

அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. விடுதிக்கும் நாரிஸ் ஹாலுக்கும் நடுவே கிடைத்த நேரத்தில் அவன் அஞ்சலகத்துக்குப் போய், துப்பாக்கியோடு எடுத்துக்கொண்ட தன் படங்களையும் பேச்சுப் பதிவுகளையும் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தான். பெயர் பரவ வேண்டும் என்பதும் அந்தக் காரியத்தின் ஒரு பகுதி. அதற்கு நான் ஏன் உதவ வேண்டும்?

இப்படி ஒரு செய்தி வந்தால் நம் ஊரில் உடனே கைக்கு வரும் சொல் 'சைக்கோ'. தலைப்பில் அந்த ஒரு சொல் விழுந்ததும் எல்லாம் விளங்கிவிட்டதுபோல் ஒரு நிம்மதி. அமெரிக்காவிலும் அதே கதைதான். துப்பாக்கிச் சூடு நடந்த மறுநாள் அரசியல்வாதிகள் மனநோயைப் பற்றிப் பேசாமல் இருப்பதில்லை. இந்தப் பேச்சில் மூன்று கேள்விகள் ஒன்றாகக் குழைந்துவிடுகின்றன. செய்தது அவனா, அவன் நோயா? முன்னாலேயே கண்டுபிடித்திருக்க முடியாதா? இனி நடக்காமல் இருக்க என்ன வழி? முதல் இரண்டுக்கும் விடை தெரிந்தால்தான் மூன்றாவதைத் தொட முடியும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். லோகநாதனின் துறைக்காரர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். ஏன் என்பதற்கு வெள்ளத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நீரியலில் 'நூறாண்டு வெள்ளம்' என்று ஒரு வழக்கு உண்டு. நூறு வருஷத்துக்கு ஒரு முறை, தவணை தவறாமல் வரும் வெள்ளம் என்று பலர் புரிந்துகொள்கிறார்கள்; அது தவறு. எந்த ஓர் ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம் அது. போன வருஷம் வந்துவிட்டது என்பதால் இந்த வருஷம் வராது என்று உறுதி கிடையாது. முப்பது ஆண்டு காத்திருந்தால் அது ஒரு முறையாவது வர நூற்றில் 26 பங்கு வாய்ப்பு. நூறு ஆண்டு காத்திருந்தால் 63. எந்த ஆண்டு, எந்த மாதம், எந்த இரவு என்று கேட்டால் உலகின் எந்த நீரியலாளரும் உதட்டைப் பிதுக்குவார். ஆனாலும் பாலத்தின் உயரம் எவ்வளவு, மதகு எத்தனை, கரை எங்கே என்று அவர் கணக்குப் போட்டுத் தந்துவிடுவார். எந்த மேகம் கொட்டப்போகிறது என்று தெரியாமலேயே மனிதர்களைக் காப்பாற்றும் கலை அது. சொல்லப்போனால் அறிவியலின் மிகப் பெரிய சாமர்த்தியங்களில் ஒன்று.

இனி மனிதர்களுக்கு வருவோம்.

வர்ஜீனியா டெக் மாணவனுக்கு நோய் இருந்ததா? இருந்தது. சிறு வயதில் கொரியாவிலிருந்து பெற்றோரோடு வந்தவன். வெளியார் முன்னால் வாய் திறக்கவே முடியாமல் போகும் ஒருவகைப் பதற்ற நோய் அவனுக்கு இருப்பதாகப் பள்ளி நாட்களிலேயே மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். பள்ளி அவனுக்கு ஆலோசனையும் சில சலுகைகளும் ஏற்பாடு செய்தது. பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அந்தத் தகவல் கூடவே போகவில்லை. 2005 இலையுதிர் காலத்தில் கவிதை வகுப்பு எடுத்த நிக்கி ஜியோவானி (பெயர் பெற்ற கவிஞர்), இவன் என் வகுப்பில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். துறைத் தலைவர் லூசிண்டா ராய் அவனுக்குத் தனியாகவே பாடம் நடத்தினார். இரண்டு மாணவிகள் அவன் தொல்லை தருவதாகப் புகார் செய்தார்கள். டிசம்பரில் வளாகப் போலீசார் வந்து எச்சரித்துவிட்டுப் போனதும், நான் செத்துப்போனாலும் போவேன் என்ற பொருளில் அறைத்தோழனுக்கு ஒரு செய்தி அனுப்பினான். அன்றிரவு அவனை ஒரு மனநல மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். மறுநாள் நீதித்துறை அதிகாரி ஒருவர் அவனை விசாரித்து, மனநோயின் காரணமாக இவன் தனக்கே ஆபத்தானவன் என்று பதிவு செய்து, வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற உத்தரவிட்டார். அன்று பிற்பகல் அவன் வளாகத்து ஆலோசனை மையத்துக்கு ஒரு முறை போனான். அதற்குப் பிறகு அவன் வரவும் இல்லை, ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை.

இங்கேதான் ஒரு காகித ஓட்டை. 1968ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, மனநோயால் ஆபத்தானவர் என்று நீதிமன்றம் தீர்மானித்த ஒருவர் துப்பாக்கி வாங்கக் கூடாது. அந்தச் சட்டப்படி 2005 டிசம்பரிலிருந்தே அவனுக்குத் தடை. ஆனால் கடைக்காரர் தட்டிப் பார்க்கும் கணினிப் பட்டியலுக்குப் பெயர் அனுப்ப வேண்டியது மாநிலம். மருத்துவமனையில் சேர்க்கும்படி உத்தரவான பெயர்களையே வர்ஜீனியா அனுப்பிவந்தது. வெளிநோயாளி உத்தரவுகளை அனுப்பவில்லை. 2007 பிப்ரவரியில் வளாகத்துக்கு எதிரிலிருந்த அடகுக்கடை வழியாக ஒரு கைத்துப்பாக்கி, மார்ச்சில் ரோனோக் நகரக் கடையில் இன்னொன்று. இரண்டு தடவையும் பின்னணிச் சோதனையில் தேறினான். மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கிதான் வாங்கலாம் என்று அப்போது வர்ஜீனியாவில் ஒரு சட்டம் இருந்தது. அவன் அதையும் மீறவில்லை. முப்பது நாள் கழித்தே இரண்டாவதை வாங்கினான்.

சரி, செய்தது அவனா, அவன் நோயா? இறந்தவனை விசாரிக்க முடியாது. இந்தக் கேள்வியை மூளையிடமே கேட்டுப் பார்த்த ஒரு சம்பவம் இருக்கிறது.

1966 ஆகஸ்ட் 1. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம். முன்னாள் மரைன் படைவீரனான மாணவன் ஒருவன், விடிவதற்கு முன்பே தாயையும் மனைவியையும் கொன்றுவிட்டு, கோபுரத்தின் உச்சிக்கு ஏறித் துப்பாக்கியால் சுட்டான். தொண்ணூற்றாறு நிமிடம் வளாகமே அவன் குறிக்குள் இருந்தது. பதினைந்து பேருக்கு மேல் இறந்தார்கள். அவன் எழுதிவைத்த குறிப்பில் ஒரு விசித்திரமான வேண்டுகோள் இருந்தது: இறந்த பின் என் உடலை அறுத்துச் சோதியுங்கள், மூளையில் ஏதாவது கோளாறு தென்படுகிறதா பாருங்கள். சோதித்தார்கள். கட்டி இருந்தது. ஆளுநர் ஜான் கானலி அமைத்த குழுவின் நிபுணர்கள் அதைக் கிளியோபிளாஸ்டோமா என்றார்கள். மூளைக் கட்டிகளிலேயே கொடியது. அச்ச உணர்வுக்கும் சினத்துக்கும் தொடர்புள்ள அமிக்டலா பகுதியை அது அழுத்தியிருக்கலாம் என்று பிற்பாடு பலரும் எழுதினார்கள்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எவ்வளவு எளிது! அவன் செய்யவில்லை, கட்டி செய்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் குழு அப்படிச் சொல்லவில்லை. உணர்ச்சியை அடக்க முடியாமல் போனதில் கட்டிக்குப் பங்கு இருந்திருக்கலாம், ஆனால் கட்டிக்கும் அந்தச் செயலுக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக நிறுவ முடியவில்லை என்றது. எண்ணிப் பார்த்தால் அவர்கள் தயங்கியது நியாயம். அமெரிக்காவில் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் அந்தக் கட்டி வருகிறது. அவர்களுக்குத் தலைவலி வருகிறது, வலிப்பு வருகிறது, சிலருக்குச் சுபாவம்கூட மாறுகிறது. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கோபுரம் ஏறுகிறவர் இல்லை.

அதே கோபுரக்காரனைப் பற்றி இன்னொரு தகவல், கட்டியை விட எனக்கு முக்கியமாகப் படுவது. அந்த ஆண்டு மார்ச் மாதம் அவன் பல்கலைக்கழக மனநல மருத்துவரைப் போய்ப் பார்த்திருக்கிறான். கோபுரத்தின் மேலிருந்து மான் வேட்டைத் துப்பாக்கியால் ஆட்களைச் சுடும் எண்ணம் வருகிறது என்று வாயாலேயே சொல்லியிருக்கிறான். மருத்துவர் குறித்துக்கொண்டார், அடுத்த வாரம் வரச் சொன்னார். அவன் வரவில்லை. ஆஸ்டினிலும் அப்படி, நாற்பது ஆண்டு கழித்துப் பிளாக்ஸ்பர்க்கிலும் அப்படி: ஒரு முறை வந்தவன் மறுமுறை வரவில்லை.

மூளை தராத விடையைச் சட்டத்திடம் கேட்கலாம். சட்டம் வேறு கேள்வி கேட்கிறது. 1843இல் லண்டனில் டேனியல் மெக்நாட்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரன் பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளர் எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டான். (இவன் பெயரை மட்டும் தவிர்க்க வழியில்லை, சட்டமே அவன் பெயரில் இருக்கிறது.) டோரி கட்சிக்காரர்கள் தன்னைத் துரத்தித் துரத்தி வதைப்பதாக நம்பியவன். நடுவர்கள் அவனை விடுவித்தார்கள். அவனை மனநல விடுதிக்கு அனுப்பினார்கள். விக்டோரியா மகாராணிக்கே கோபம் வந்தது. பிரபுக்கள் சபை நீதிபதிகளைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டது. அவர்கள் தந்த விடைதான் மெக்நாட்டன் விதி: மனநோயால் தான் செய்வது இன்னதென்றே தெரியாமல், அல்லது தெரிந்தாலும் அது தவறு என்று தெரியாமல் ஒருவன் செய்தால் அவன் பொறுப்பாளி ஆகமாட்டான். பதினேழு ஆண்டு கழித்து அந்த எண்ணம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவாகி நம்மிடம் வந்தது. 2024 ஜூலை முதல் அதுவே பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு. மருத்துவர் சொல்லும் மனநோய் வேறு, சட்டம் ஏற்கும் மனநிலைப் பிறழ்வு வேறு என்று நம் உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கிறது.

இந்த வேறுபாடு எவ்வளவு கூர்மையானது என்பதைக் கொலராடோ மாநிலத்து அரோரா நகர வழக்கு காட்டியது. 2012 ஜூலை 20 நள்ளிரவுக் காட்சியில் திரையரங்கில் 12 பேரைக் கொன்று 70 பேரைக் காயப்படுத்தியவன் உயிரோடு பிடிபட்டான்; இத்தகைய வழக்குகளில் அது அபூர்வம். நரம்பியல் ஆராய்ச்சி மாணவன். அவனுக்கு மனச்சிதைவு வகையைச் சேர்ந்த நோய் உண்டு என்பதில் இரு தரப்பு நிபுணர்களுக்கும் பெரிய சண்டை இல்லை. கொலராடோவில், குற்றம் சாட்டப்பட்டவன் தெளிந்த நிலையில்தான் இருந்தான் என்று நிரூபிக்கும் சுமைகூட அரசுத் தரப்பின் மேல்தான். ஆனால் அவன் டிக்கெட் எடுத்திருந்தான், ஆறாயிரம் தோட்டா சேர்த்திருந்தான், தன் வீட்டில் வெடிப்பொறி வைத்துவிட்டு வந்திருந்தான். செய்வது இன்னது, அது சட்டத்துக்கு விரோதம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. 2015இல் நடுவர்கள் குற்றவாளி என்றார்கள். மரண தண்டனை என்று வந்தபோது ஒருமனப்பட முடியவில்லை, ஆயுள் தண்டனையாயிற்று. நோயாளிதான், பொறுப்பாளியும்தான். ஒரே மனிதனைப் பற்றி இரண்டையும் சேர்த்துச் சொல்ல முடியும் என்பதைப் பன்னிரண்டு சாதாரணக் குடிமக்கள் ஒப்புக்கொண்டார்கள். 'சைக்கோ' என்ற சொல்லால் அதைச் சொல்லவே முடியாது.

மனநோய் என்று சொல்லித் தப்பித்துவிடுகிறார்கள் என்ற எரிச்சல் நமக்கும் உண்டு, அவர்களுக்கும் உண்டு. கணக்கெடுத்துப் பார்த்ததில், அமெரிக்காவில் கடுங்குற்ற வழக்குகளில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகவே இந்த வாதம் எழுப்பப்படுகிறது. எழுப்பியவர்களிலும் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான் அது பலிக்கிறது.

அடுத்த கேள்வி கணிப்பு. இதில்தான் என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தின் உண்மையான வியப்பு இருக்கிறது. கையில் பென்சில் இருந்தால் கூடவே போட்டுப் பாருங்கள்.

ஒரு தேசத்தில் ஒரு கோடி இளைஞர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் பத்துப் பேர் இத்தகைய கொலை செய்யப்போகிறார்கள் என்பதும் கணக்குக்காக. நம்மிடம் ஒரு அதிசயச் சோதனை இருக்கிறது: நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சரியாகச் சொல்லும். மருத்துவத்தில் எந்த மனநலச் சோதனையும் இதன் பக்கத்தில்கூட வராது. ஒரு கோடிப் பேரையும் சோதிக்கிறோம். பத்துப் பேரையும் அது பிடித்துக்கொடுத்துவிடும். அதோடு, எந்தப் பாவமும் அறியாத மீதிப் பேரில் நூற்றுக்கு ஒருவர் வீதம் ஒரு லட்சம் பேரையும் பிடித்துக்கொடுக்கும். இப்போது உங்கள் கையில் 1,00,010 பெயர்கள். அவர்களில் அந்தப் பத்துப் பேர் யார் என்று சோதனைக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஒவ்வொரு கொலைகாரனுக்கும் பத்தாயிரம் நிரபராதிகள்!

சோதனையைக் குறை சொல்லிப் பயனில்லை. நிகழ்ச்சி அபூர்வம், அதனால் வரும் வினை. மழை பெய்யுமா என்று சொல்வது எளிது, நூறாண்டு மழை இந்த வியாழக்கிழமை பெய்யுமா என்று சொல்வதுதான் கடினம் என்பதைப் போல. இன்னொரு சங்கதி: அந்தப் பட்டியலில் பெயர் வந்துவிடும் என்று தெரிந்தால், சோர்ந்துபோன ஓர் இளைஞன் மருத்துவரிடம் போவானா? வலை வீசினால் மீன் ஆழத்துக்குப் போய்விடும்.

லோகநாதன் வேலை பார்த்த அதே மாநிலத்தில், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில், ஜான் மொனகன் என்ற உளவியலாளர் தம் வாழ்நாளை இந்தக் கேள்விக்கே கொடுத்தார். 1981இல் அவர் வெளியிட்ட நூல், மருத்துவர்கள் ஒருவரை வன்முறையாளர் ஆவார் என்று கணித்த மூன்று தடவையில் இரண்டு தடவை தவறிப்போகிறார்கள் என்று காட்டியது. இத்தனைக்கும் அது சாதாரண அடிதடியைப் பற்றிய கணிப்பு. கூட்டுக்கொலை போன்ற அபூர்வத்தைப் பற்றியது அல்ல. அவரும் சேர்ந்து நடத்திய ஒரு பெரிய ஆய்வு, மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மூன்று நகரங்களில் பின்தொடர்ந்தது. பிட்ஸ்பர்க் நகரில் அவர்களை அதே பகுதியில் குடியிருந்த அண்டை வீட்டாரோடு ஒப்பிட்டார்கள். குடியும் போதைப்பொருளும் இல்லாத நோயாளிகள் அண்டை வீட்டாரை விட அதிக வன்முறையில் இறங்கவில்லை. போதை சேர்ந்தபோதுதான் எண்ணிக்கை ஏறியது.

டியூக் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஸ்வான்சன் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார். மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு, கடும் மனச்சோர்வு ஆகியவை உள்ளவர்களிடம் வன்முறை சற்று அதிகம்தான். அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் இந்த நோய்கள் அத்தனையும் மாயமாய் நாளைக்கே குணமாகிவிட்டால் சமுதாயத்தின் மொத்த வன்முறையில் எவ்வளவு குறையும்? அவர் கணக்கில் ஏறக்குறைய 4 விழுக்காடு. மீதி 96 அப்படியே இருக்கும்.

அது பொதுவான வன்முறை. பொது இடத்தில் புகுந்து சுடுகிறவர்கள் வேறு ரகம் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2000 முதல் 2013 வரை இப்படிச் சுட்ட 63 பேரின் வாழ்க்கையை எஃப்.பி.ஐ. துருவி ஆராய்ந்தது. மனநோய் என்று மருத்துவர் எப்போதாவது உறுதி செய்திருந்தவர்கள் 16 பேர். அவர்களிலும் மூன்று பேருக்குத்தான் நிஜத்தை விட்டு விலகச் செய்யும் கடும் நோய். ஆனால் அதே அறிக்கையில் வேறு இரண்டு தகவல்கள் இருக்கின்றன. சுடுவதற்கு முன்பே ஏறக்குறைய பாதிப் பேரிடம் தற்கொலை எண்ணமோ அதையொட்டிய நடத்தையோ தெரிந்திருக்கிறது. கவலைப்பட வைக்கும் நடத்தைகள் சராசரியாக ஆளுக்கு நான்கைந்து சுற்றியிருந்தவர்கள் கண்ணில் பட்டிருக்கின்றன. பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களை 2002இல் அமெரிக்க ரகசியச் சேவை ஆராய்ந்தபோதும் இதே கதை: பத்தில் எட்டு சம்பவங்களில், பையன் ஏதோ திட்டமிடுகிறான் என்று யாராவது ஒருவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. பெரும்பாலும் அந்த யாரோ ஒருவர், கூடப் படிக்கும் சிநேகிதன்.

ஆக, நோயின் பெயரை வைத்துத் தேடினால் வைக்கோல்போரில் ஊசி. நடத்தையைக் கவனித்தால், மேகம் திரள்வது பல பேர் கண்ணுக்குத் தெரிகிறது. மழை எங்கே விழும் என்று இன்னும் தெரியாது. ஆனால் மதகைத் திறந்துவைக்க அதுவே போதும்.

இங்கே தற்கொலையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். துப்பாக்கிச் சாவு என்றதும் நம் மனதில் கொலைதான் வருகிறது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள், பாதிக்கும் மேல். மனநோய்க்கும் துப்பாக்கிக்கும் உள்ள நிஜமான, கனமான தொடர்பு இங்கே இருக்கிறது. அதைப் பற்றி மறுநாள் எந்த அரசியல்வாதியும் பேசுவதில்லை.

இதைத் தடுக்க முடியுமா? நமக்கு மிக அருகிலேயே ஒரு விடை இருக்கிறது. இலங்கையில் 1995இல் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47. உலகின் மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. பெரும்பாலும் பூச்சிமருந்து. யார் எப்போது குடிப்பார் என்று அரசு கணிக்கப் புறப்படவில்லை. கொடிய நச்சுள்ள மருந்துகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கடையிலிருந்து எடுத்தது: 1995இல் ஒரு தொகுதி, 1998இல் எண்டோசல்பான், 2008க்குப் பின் பாராகுவாட்டும் வேறு இரண்டும். இருபது ஆண்டுகளில் விகிதம் 70 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தது. அந்தக் காலத்தில் காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏறக்குறைய 93,000 என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். ஆச்சரியம் என்னவென்றால், மருந்து குடித்தவர்களின் எண்ணிக்கை அப்படி ஒன்றும் குறைந்துவிடவில்லை. குடித்தவர்கள் பிழைத்தார்கள். கடனும் காதல் தோல்வியும் அப்படியே இருந்தன, மனிதர்கள் மாறவில்லை. கோபமும் விரக்தியும் உச்சத்தில் நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் கைக்கு எட்டியது என்ன என்பதுதான் மாறியது. விளைச்சலும் குறையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தடை வந்தால் விவசாயம் படுத்துவிடும் என்று பயமுறுத்தியவர்கள் அங்கும் இருந்தார்கள்.

துப்பாக்கியைப் பூச்சிமருந்துபோல் கடையிலிருந்து எடுத்துவிட அமெரிக்காவால் முடியாது. அங்கே அது அரசியல் சாசன உரிமை. ஆகவே அவர்கள் வேறொரு மதகு கட்டினார்கள். 1998இல் கனெக்டிகட் மாநில லாட்டரி அலுவலகத்தில் ஓர் ஊழியர் உயரதிகாரிகள் நால்வரைச் சுட்டுக் கொன்ற பிறகு, மறு ஆண்டே அந்த மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒருவர் தம்மையோ பிறரையோ தாக்கும் உடனடி அபாயத்தில் இருக்கிறார் என்று போலீசார் ஆதாரத்தோடு காட்டினால், நீதிபதி அவர் துப்பாக்கிகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு எடுத்துவைக்கச் சொல்லலாம். காலம் முடிந்து அபாயமும் தீர்ந்தால் திருப்பித் தர வேண்டும். 'சிவப்புக் கொடி' சட்டம் என்று இதைச் சொல்கிறார்கள். இப்போது இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. பல இடங்களில் குடும்பத்தாரே நேராக நீதிமன்றத்துக்குப் போகலாம்.

இந்தச் சட்டத்தின் நேர்த்தி எங்கே இருக்கிறது என்றால், இது நோயின் பெயரைக் கேட்பதில்லை. மருத்துவச் சீட்டு தேவையில்லை. என்ன சொன்னார், என்ன செய்தார், கையில் என்ன வைத்திருக்கிறார் என்பதே கேள்வி. மனநோயாளி என்று முத்திரை குத்தாமலேயே வேலை நடந்துவிடுகிறது. ஸ்வான்சனும் குழுவினரும் கனெக்டிகட் பதிவுகளை அலசியதில், ஏறக்குறைய பத்து முதல் இருபது பேரிடமிருந்து துப்பாக்கியை எடுத்ததற்கு ஒரு தற்கொலை வீதம் தடுக்கப்பட்டிருப்பதாகத் தெரிந்தது. மேலே போட்ட கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டுக்கொலையாளி ஒருவனைப் பிடிக்கப் பத்தாயிரம் நிரபராதிகளை அடைக்க வேண்டும் என்றால் எந்த நாடும் ஒப்பாது. ஓர் உயிரைக் காக்க இருபது பேர் துப்பாக்கியைச் சில மாதம் பிரிந்திருக்க வேண்டும் என்றால், அது பேசித் தீர்க்கக்கூடிய விலை.

சட்டம் காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் சாட்சி உண்டு. மெயின் மாநிலத்து லூயிஸ்டன் நகரில் 2023 அக்டோபர் 25 அன்று ராணுவ ரிசர்வ் வீரர் ஒருவர் 18 பேரைச் சுட்டுக் கொன்றார். குடும்பத்தார் மாதக்கணக்கில் எச்சரித்திருந்தார்கள். கூடப் பணியாற்றிய வீரர்களும் எச்சரித்திருந்தார்கள். துப்பாக்கியை எடுத்துவைக்க, சற்றுச் சுற்றுவழியானாலும், மாநிலத்தில் சட்டம் இருந்தது. அவரைக் காவலில் எடுக்கப் போதிய காரணம் ஷெரிஃப் அலுவலகத்திடம் இருந்தது, எடுக்கவில்லை என்று விசாரணைக் குழு பின்னர் சொன்னது. அவர் கையெறிகுண்டுப் பயிற்சியாளர். மூளையைப் பாஸ்டன் பல்கலைக்கழகம் சோதித்தபோது காயங்களின் தடயம் கிடைத்தது. நடத்தைக்கு அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, நோய் அறிகுறிகளில் பங்கு இருந்திருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். ஐம்பத்தேழு ஆண்டுக்கு முன் ஆஸ்டினில் சொன்ன அதே பதில்! மூளையறிவியல் இந்த இடைவெளியில் எங்கேயோ போய்விட்டது. இந்த ஒரு கேள்வியில் மட்டும் அன்று நின்ற இடத்தை விட்டு அதிகம் நகரவில்லை. நகரும் என்று காத்திருக்கத் தேவையும் இல்லை. லூயிஸ்டனில் செய்ய வேண்டியிருந்த காரியத்துக்கு மூளையின் படம் எதற்கு?

பிளாக்ஸ்பர்க்குக்கே திரும்புவோம். சம்பவம் நடந்து இரண்டு வாரத்தில் ஆளுநர் டிம் கெய்ன் ஓர் ஆணையால் அந்தக் காகித ஓட்டையை அடைத்தார்; வெளிநோயாளி உத்தரவுகளும் கணினிப் பட்டியலுக்குப் போகத் தொடங்கின. 2008இல் வர்ஜீனியாவின் அரசுப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றும் அபாய மதிப்பீட்டுக் குழு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பேராசிரியர், ஆலோசகர், போலீஸ் அதிகாரி எல்லாரும் ஒரே மேசையில் உட்காரும் குழு. கவிதை வகுப்பில் கண்டதும், மாணவிகள் சொன்ன புகாரும், அறைத்தோழனுக்கு வந்த செய்தியும், நீதித்துறை உத்தரவும் தனித்தனி அலமாரியில் கிடக்காமல் ஓரிடத்தில் சேருவதற்கான ஏற்பாடு. அந்தரங்கச் சட்டம் தடுக்கிறது என்று அன்று பலரும் வாயை மூடிக்கொண்டார்கள். உண்மையில் சட்டம் அவ்வளவு தடுக்கவில்லை, அதைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று மாநில விசாரணைக் குழு தன் அறிக்கையில் எழுதியிருக்கிறது.

நாரிஸ் ஹாலின் அந்தத் தளத்தில் பிறகு வகுப்புகளை நிறுத்திவிட்டார்கள். அன்று இறந்த பிரெஞ்சு மொழி ஆசிரியையின் கணவர், அவரும் அதே பல்கலைக்கழகத்துப் பேராசிரியர், அங்கே அமைதிக் கல்விக்கும் வன்முறைத் தடுப்புக்கும் ஒரு மையம் தொடங்கினார்.

மாதம் ஒரு கைத்துப்பாக்கி என்ற சட்டத்தை வர்ஜீனியா 2012இல் நீக்கியது. 2020 ஜூலை 1 அன்று அது திரும்ப வந்தது. சிவப்புக் கொடி சட்டமும் அதே நாளில் அங்கே நடைமுறைக்கு வந்தது. லோகநாதன் இறந்து அப்போது பதின்மூன்று ஆண்டு ஆகியிருந்தது.